ஃப்ரிட்ஜுக்குள் ஒரு பல்ப்

வெள்ளிக்கிழமை. மழை. ஆன்ட்வெர்ப்பில்
நான்கரைக்கே இருட்டிவிடும் மாதம்.
லிஃப்ட் பழுதுபார்ப்பது என் பிழைப்பு;
சபத் வந்தால் ஆறு மாடியும் படியேறுவது என் சட்டம்.
நான்காவது மாடியில் மூச்சு வாங்கும்போது
இரண்டுக்கும் நடுவே யாரோ சிரிப்பதுபோல் இருக்கும்.

போகுமுன் மெழுகுவர்த்தி நானே ஏற்றியிருந்தேன்.
ரொட்டி இரண்டு, மேலே துணி.
துணியை எடுத்தேன், உப்பில் தொட்டேன், தின்றேன்.
மீனுக்காக எழுந்து
ஃப்ரிட்ஜின் பிடியில் கை வைத்தபோதுதான்
பல்ப்.

கதவைத் திறந்தால் எரியும்.
எரியவைத்தால் தீ மூட்டிய கணக்கு.
பதினோரு வருடம், வெள்ளிதோறும்
இதே கதவைத் திறந்திருக்கிறேன். உள்ளே இருட்டாகவே இருந்தது.
அது ஃப்ரிட்ஜின் குணம் என்றே இருந்தேன்.
ஹின்டா அதைக் கழற்றிவைப்பாள் என்பது
ஹின்டா போன பிறகு, அதுவும்
இப்படி நட்டநடுவே நிற்கும்போதுதான்
எனக்குத் தெரிய வருகிறது.
எங்கே வைப்பாள்? முட்டைத் தட்டிலா? ஏப்ரன் பையிலா?
விவாகரத்துச் சீட்டில் பன்னிரண்டு வரி.
ஒன்றிலும் இது இல்லை.

ஆக, ரொட்டி. மறுபடி ரொட்டி.

கதவு தட்டும் சத்தம். எதிர்வீட்டு நஜாத்.
பையன் கையைச் சுட்டுக்கொண்டானாம், இஸ்திரிப் பெட்டி,
கொஞ்சம் ஐஸ் இருக்குமா, மெனாஷே?
திற என்று சொல்ல எனக்கு வாயில்லை.
"இருக்கிறது" என்றேன். அது வெறும் தகவல்.
அவள் திறந்தாள், அவள் பிள்ளைக்காக.
சமையலறைத் தரையில் மஞ்சளாய் ஒரு பாய் விரிந்தது.
தனக்கென்று அவள் திறந்த வெளிச்சத்தில்
நானும் என் மீனை எடுத்துக்கொள்ளலாம்;
சட்டம் அவ்வளவு தூரம் இறங்கி வரும்.
இடுப்பால் தள்ளி மூடிவிட்டு
வாசலில் நின்று கேட்டாள்:
"லிஃப்டும் நின்றுவிட்டது, நீங்கள்தானே பார்ப்பீர்கள்?"
"நாளை, மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு."
"இந்த மழையிலா?" என்றபடி ஓடினாள்,
விரலிடுக்கில் ஐஸ் சொட்ட.

மீன் கடையில் வாங்கியது. சுமார்தான்.
சாப்பிட்டு, நாற்காலியிலேயே தூங்கிப்போயிருக்கிறேன்.
விழித்தபோது டைமர் விளக்கை அணைத்திருந்தது.
மெழுகும் தீர்ந்திருந்தது.
தூரத்தில் மாதா கோயில் மணி பத்தடித்து எனக்கும் நேரம் சொன்னது.
உண்டபின் சொல்லும் நன்றியைச் சொன்னேனா?
நாக்கைக் கேட்டால் அது மீனைத்தான் சொல்கிறது.

சந்தேகத்துக்கும் எழுதிவைத்திருக்கிறார்கள்:
வயிறு நிறைந்திருந்தால் மறுபடி சொல்.
ஓர் ஆலிவ் காயளவுதான் தின்றாய் என்றால் விட்டுவிடு.
ஆக, கேள்வி ஒன்றுதான்.
எந்த ரப்பியிடமும் எடுத்துப்போக முடியாத கேள்வி.
நிறைந்ததா?

ஏழு மாதமாய் யாரும் என்னைக் கேட்கவில்லை.
இரண்டாம் முறை வைக்க வரும் கரண்டியைக்
கை குறுக்கே காட்டித் தடுக்கும்போதுதானே
போதும் என்பதே புரிகிறது?
இங்கே கரண்டியும் என் கையில், தட்டும் என் கையில்.
இருட்டில் பெல்ட்டைத் தடவிப் பார்த்தேன்.
ஒரு துளை தளர்ந்திருந்தது.
எப்போது தளர்த்தினேன்?

தின்ற இடத்திலேயே, அதே நாற்காலியில்
நிமிர்ந்து உட்கார்ந்து தொடங்கினேன்.
மூன்று பேர் என்றால் ஒருவர் அழைத்துத் தொடங்குவார்.
ஒற்றை ஆள் நேரே உள்ளே போக வேண்டியதுதான்.
ரொட்டிக்கு நன்றி, நிலத்துக்கு நன்றி,
நடுவில் இந்த நாளின் ஓய்வுக்கென்று ஒரு பத்தி;
அதை விட்டால் மறுபடி முதலிலிருந்து,
அதனால் அதை மட்டும் உரக்கவே சொன்னேன்.
சுவருக்கு அப்பால் பையனின் அழுகை நின்றிருந்தது.
ஃப்ரிட்ஜ்தான் உறுமிக்கொண்டு எழுந்தது.
கதவு மூடியிருக்கிறது,
உள்ளே பல்ப் அணைந்திருக்கிறது என்று
நம்பத்தான் வேண்டும்.